வியாழக்கிழமை மன்னிப்பு

மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. "போனால் போகட்டும், மன்னித்துவிடு" என்று யாராவது என்னிடம் சொன்னால், சொன்னவர் அன்றைக்கு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். பிறந்ததிலிருந்தே நான் இப்படி இல்லை. என் மகன் யமுனைக் கரைப் பக்கம் ஒரு மதரஸா விடுதியில் ஒன்றரை வருடம் தங்கிக் குர்ஆன் ஓதினான். அங்கே அவனுக்கு நடந்தது ஒரு பக்கம். நடந்த பிறகு அவனைச் சொல்லவைத்தார்களே, அதுதான் என்னை இப்படி ஆக்கியது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். எனக்கு மத்திய அரசு வேலை. லக்ஷ்மிபாய் நகரில் என் பெயரில் கிடைத்த குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். கணவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மகன் தில்லியில் பிறந்தவன். தமிழ் பேசுவான், பாதிக்குப் பாதி இந்தி கலந்து. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் ஓடிவிடுவான். ஆனால் ஓத உட்கார்ந்தால் நல்ல குரல். சாயங்கால ஓதல் வகுப்பில் அவன் வாயைத் திறந்தால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். ஹாபிஸ் ஆக வேண்டும், அதாவது குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அவனாகத்தான் கேட்டான். கணவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்கும் பெருமைதான், இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும். பதினோரு வயதில் கொண்டுபோய் விட்டோம்.

மதரஸாவைப் பற்றி நல்லதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு சுத்தமாக இருந்தது. ஓதிக்கொடுத்தவர்கள் பிரம்பைத் தொடாதவர்கள். நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவரை எல்லோரும் நாஜிம் சாஹிப் என்பார்கள். மெதுவாகப் பேசுவார், எதிரே பெண்கள் வந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார், யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பெற்றோர் பார்க்கப் போகலாம். ஆண்கள் உள்ளே முற்றம் வரை போவார்கள். பெண்களுக்கு வாசல் பக்கத்தில் ஒரு சிறிய அறை, கதவுக்குப் பதில் திரை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய முறுக்கும் இட்லிப்பொடியும் மடியில் இருக்க, நான் அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில்தான் முற்றத்தில் மன்னிப்பு நடக்கும்.

அது அங்கே வழக்கம். வெள்ளிக்கிழமைக்குள் எல்லா மனமும் சுத்தமாகிவிட வேண்டுமாம். விடுதிப் பொறுப்பாளர் நடுவில் நின்று, யார் மேல் யாருக்கு என்ன குறை என்று கேட்பார். குறை சொன்ன பையனும் சொல்லப்பட்ட பையனும் எதிரெதிரே வந்து நிற்பார்கள். குற்றம் செய்தவன் "மாஃப் கரோ பாயி", மன்னித்துவிடு சகோதரா என்பான். மற்றவன் "மாஃப் கியா", மன்னித்தேன் என்பான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். சுற்றி நிற்கும் தகப்பன்மார் "மாஷா அல்லாஹ்" என்பார்கள். முதல் முறை திரை இடுக்கில் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இப்படி ஒன்று உண்டா என்று அன்று இரவு கணவரிடம் சிலாகித்தேன்.

அந்த வழக்கத்துக்கு ஒரு வால் உண்டு. மன்னித்த பிறகு அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. எடுத்தால் அது புறம் பேசுவது. அதாவது வியாழக்கிழமை வரை அடித்தவன் குற்றவாளி. வியாழக்கிழமைக்குப் பிறகு வாயைத் திறப்பவன் குற்றவாளி.

என் மகனைப் பிடித்துக்கொண்டவன் அதே கூடத்தில் படுத்த பெரிய பையன். மீசை அரும்பியவன், மனப்பாடத்தில் கடைசிப் பாகங்களுக்கு வந்துவிட்டவன், மதரஸாவின் செல்லம். என் மகனை 'மதராஸி' என்று கூப்பிடுவதில் தொடங்கியது. நான் கொண்டுபோகும் முறுக்கு, பொட்டலம் பிரிக்கும் முன்பே அவனிடம் போய்விடும். பிறகு கால் அமுக்கச் சொன்னான். மூத்தவர்களுக்குப் பணிவிடை செய்வது அங்கே புண்ணியக் கணக்கில் சேரும். கித்மத் என்பார்கள். ஆசிரியருக்குச் செய்கிற கித்மத் மெல்ல மெல்ல இறங்கி, பெரிய பையனுக்குச் சின்னப் பையன் செய்கிற கித்மத் ஆகியிருந்தது. கை வலிக்கிறது என்று நிறுத்தினால் தலையில் குட்டு.

மகன் ஒரு வியாழக்கிழமை குறை சொன்னான். மன்னிப்பு நடந்தது. அந்த வாரமே குட்டு இரட்டிப்பானது. மறுபடி சொன்னான், மறுபடி மன்னித்தான். மூன்றாவது தடவை அவன் சொல்லவே இல்லை. நான்தான் அவன் தலையைத் தடவும்போது வீக்கம் கையில் தட்டி, என்னவென்று பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டேன்.

"பொறுப்பாளர்கிட்ட சொல்ல வேண்டியதுதானல?" என்றேன்.

"நஹீ உம்மா. கம்ப்ளெய்ன்ட் பண்ணா அவனைக் கட்டிப்பிடிக்கணும். அப்போ அவன் காதுல சொல்வான், ராத்திரி பாத்துக்கறேன்னு. குட்டு பரவாயில்ல."

அடி வாங்குவதைவிட மன்னிப்பது மோசமாக இருக்கிறது என்று ஒரு சின்னப் பிள்ளை சொல்கிறான். 

என் வேலை என்னவென்று இங்கே சொல்ல வேண்டும். அமைச்சகத்தில் பொதுமக்களின் புகார் மனுக்களைப் பார்க்கும் பிரிவு என்னுடையது. ஒரு புகாரைத் தீர்ப்பது கஷ்டம். முடிப்பது சுலபம். புகார் கொடுத்தவரைப் போனில் பிடித்து, நயமாகப் பேசி, 'எனக்குத் திருப்தி' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும், மேலதிகாரிக்குப் பச்சை விளக்கு எரியும். தெருவில் சாக்கடை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இந்த வித்தையைக் கண்டுபிடித்தது அரசாங்கம்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

விடுதிகளில் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தும் செய்திகள் பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. மதரஸாவிலும் கொடுமைத் தடுப்புக் கூட்டம் என்று ஒன்று போட்டார்கள். 'பிறரைத் துன்புறுத்துவது ஹராம்' என்று உருதுவில் கொட்டை எழுத்தில் சுவரெல்லாம் ஒட்டினார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து மைக்கில் நீளமாகப் பேசினார். யார் நாவிலிருந்தும் கையிலிருந்தும் பிறர் பத்திரமாக இருக்கிறார்களோ அவரே முஸ்லிம் என்று ஆரம்பித்து அருமையாகப் பேசினார். பேசியதில் ஒரு சொல் தப்பில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் இரவு யார் விழித்திருக்கிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

பெண்களுக்குக் கேள்வி இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பலாம் என்றார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. திரைக்குப் பின்னால் எழுந்து நின்று, என் உடைந்த உருதுவில் உரக்கச் சொன்னேன். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒன்றாக நிறுத்திக் கேட்காதீர்கள், சின்னவன் வாய் திறக்க மாட்டான். முதலில் விசாரியுங்கள், அடித்தவன் படுக்கையை வேறு கூடத்துக்கு மாற்றுங்கள், பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு படுங்கள். மன்னிப்பதும் மன்னிக்காததும் அந்தப் பிள்ளையின் பாடு, அவன் எப்போது நினைக்கிறானோ அப்போது செய்துகொள்ளட்டும். அதை நீங்கள் வாரா வாரம் பிடுங்காதீர்கள். இவ்வளவுதான் சொன்னேன். முற்றத்தில் ஒரு தகப்பன் கூட வாய் திறக்கவில்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

"சகோதரியின் தாயுள்ளத்தை மதிக்கிறோம்" என்றார் நாஜிம் சாஹிப். தாயுள்ளம் என்று ஒரு பட்டம் கொடுத்துவிட்டால் பிறகு சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

கடைசியில் அவர்கள் எடுத்த முடிவைக் கேளுங்கள். பெரிய பையன்களை 'படே பாயி' ஆக்கினார்கள். அண்ணன்மார். ஒவ்வோர் அண்ணனுக்கும் ஒரு வரிசைப் படுக்கை. அந்த வரிசையில் எந்தப் பிள்ளைக்கும் தொந்தரவு வராமல் அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஓதுகிறவன்தான் நல்லவனாக இருப்பான் என்பது அங்கே யாரும் சந்தேகப்படாத விஷயம். ஆகவே என் மகன் வரிசைக்கு அண்ணன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அன்று ஆட்டோவில் திரும்பும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்று சண்டை போட்டேன்.

"பாதி குர்ஆன் ஆயிட்டுது. இப்பப் போயி நிறுத்துவாவளா? பொறுப்புக் கொடுத்தா பய திருந்திருவான், பாரேன்" என்றார் கணவர்.

மகனும் வர மறுத்தான். மனப்பாடம் செய்த பாகங்கள் மறந்துபோய்விடும் என்று அழுதான். அவனுக்கு ஓதுவதில் அவ்வளவு ஆசை. கொடுமைக்காரன் கையில் இருந்த பிடியும் அந்த ஆசைதான்.

ஜனவரி மூடுபனியில் போன் வந்தது. லேசான காய்ச்சல், அழைத்துப் போங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் நெஞ்சு கர் கர் என்று இழுக்கிறது, உதடு வெளுத்திருக்கிறது. மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள். ஒரு வாரம் படுக்கையில் இருந்தான். வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியபோதுதான் வாய் திறந்தான்.

இருமல் இருந்ததால் கால் அமுக்க முடியாது என்றிருக்கிறான். அந்த 'அண்ணன்' ஒரு வாளித் தண்ணீரை அவன் போர்த்தும் ரஜாயில் ஊற்றிவிட்டான். தில்லிக் குளிரில் பஞ்சு ரஜாய்தான் பிள்ளைகளுக்கு உயிர். காலையில், இவன் படுக்கையை நனைத்துவிட்டான் என்று கூடம் முழுவதும் சொல்லிச் சிரித்தார்கள். இவனே அதைச் சுமந்து மொட்டைமாடியில் காயப்போட வேண்டும். மூடுபனியில் எங்கே காய? வெயில் எட்டிப் பார்க்காத நாட்கள். ஈரப் பஞ்சுக்கு அடியில் என் பிள்ளை ராத்திரி ராத்திரியாகச் சுருண்டு கிடந்திருக்கிறான், சொன்னால் கட்டிப்பிடிக்கச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டு.

"நான் மாஃப் பண்ண மாட்டேன் உம்மா" என்றான். "எப்பவுமே."

"பண்ணாதே" என்றேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு வேறு எந்தப் பேச்சும் எனக்குத் தேவைப்படவில்லை.

நான் மதரஸாவுக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். என்ன விசாரித்தார்களோ, பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாஜிம் சாஹிப் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். கூடவே அந்தப் பெரிய பையன், அவன் தகப்பனார், ஒரு பெட்டி காஜு கத்லி இனிப்பு.

அந்த வாரம் பெரிய பையனுக்குத் தலைப்பாகை கட்டும் விழா. குர்ஆனை முடித்தவர்களுக்குச் சபை நடுவே தலைப்பாகை கட்டி ஹாபிஸ் என்று அறிவிப்பார்கள். அதற்கு முன்னால் எல்லோரிடமும் மன்னிப்பு வாங்கிவிட வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொழுகை விட்டால், நோன்பு விட்டால் அல்லாஹ் நினைத்தால் மன்னிப்பான். மனிதனுக்கு மனிதன் செய்த அநியாயத்தை, பாதிக்கப்பட்டவன் மன்னிக்காதவரை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தது இது. பலவீனமானவன் கையில் மார்க்கம் கொடுத்திருக்கும் பெரிய உரிமை அது. உலகமே கைவிட்டாலும் உன்னைக் கேட்காமல் உன் கணக்கு முடியாது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறது. இந்தப் பெரிய மனிதர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் தெரியுமா? பிள்ளை மன்னித்தால்தான் காரியம் ஆகும், ஆகவே பிள்ளையை மன்னிக்கவைக்க வேண்டும். அவனைக் காப்பாற்ற வந்த சட்டத்தைக் கொண்டே அவன் கழுத்தைப் பிடித்தார்கள்.

நான் சமையலறை வாசலில் நின்றேன். மகனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். பெரிய பையன் புது ஜிப்பா போட்டிருந்தான். பார்க்க அவனும் பிள்ளையாகத்தான் தெரிந்தான். அவனையும் ஒரு காலத்தில் யாரோ கால் அமுக்கவைத்திருப்பார்கள். அதற்காக இரக்கப்பட எனக்கு அன்று தெம்பில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு "மாஃப் கரோ பாயி" என்றான்.

 நாஜிம் சாஹிப் என் மகன் தோளில் கை வைத்து, உருதுவில் கனிவாக, "பேட்டா, மனதை விசாலமாக்கு. ஒரு ஹாபிஸின் மறுமை உன் ஒரு வார்த்தையில் தொங்குகிறது" என்றார்.

"மொதல்ல என்ன பண்ணான்னு அவன் சொல்லட்டும்" என்றான் மகன். பிறகு அதையே உருதுவில் சொன்னான்.

 பெரிய பையன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் கறுத்தது, உதடு அசைந்தது. சொல்லியிருப்பான் என்றுதான் இன்று வரை நான் நினைக்கிறேன். அவன் வாயைத் திறக்கும் முன்பே நாஜிம் சாஹிப் கையை உயர்த்திவிட்டார்.

"வேண்டாம். அல்லாஹ் மூடிவைத்த குறையை நாம் திறக்கக் கூடாது."

"மூடிவச்சது அல்லாஹ் இல்ல ஹஸ்ரத், நீங்க" என்றேன் நான். தமிழில் சொன்னேனோ உருதுவில் சொன்னேனோ, நினைவில்லை.

"நீ கொஞ்சம் சும்மா இரி" என்றார் கணவர் என்னிடம். "பெரிய மனுசர் வீடு தேடி வந்திருக்காவ."

"வந்தா? அதுக்காவ எம்பிள்ள பொய் சொல்லணுமோ?"

 கணவருக்கு வேர்த்து ஊற்றியது. வீட்டுக்கு வந்த ஆலிமை, மார்க்கம் படித்தவரை, வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாத குடும்பம் அவருடையது. சபையில் நாலு பேர் முகம் வாடினால் தாங்காத சுபாவம். எழுந்தார். பெரிய பையன் கையைப் பிடித்தார். "அவன் சின்னப் பிள்ளை. அவன் வாப்பா நான். அவனுக்காக நான் மாஃப் கியா" என்றார்.

அவ்வளவுதான். நாஜிம் சாஹிப் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தகப்பனார் என் கணவரைக் கட்டிப்பிடித்து அழுதார். காஜு கத்லிப் பெட்டியைப் பிரித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். நான் டீ போடவில்லை. அவர்கள் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஆட்டோ போகும் சத்தம் கேட்ட பிறகும் மகன் நடுவீட்டில் நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"ஈரத்துல படுத்தது நான்தானே வாப்பா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பதுபோல் கேட்டான்.

கணவர் சோபாவில் உட்கார்ந்தார்.  அவர் கண் நிறைந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர், அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன், இதில் யாருமே கெட்ட மனிதர் இல்லை. மகனைப் பக்கத்தில் இழுத்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாப்பா செஞ்சது தப்புதாம்ல. நீ வாப்பாவ மன்னிச்சிரு" என்றார்.

ஒரு வினாடி கூட ஆகவில்லை. மகன் தரையைப் பார்த்தான். திரைக்குப் பின்னாலிருந்து வியாழக்கிழமைகளில் நான் கேட்ட அதே குரலில், தமிழில் கேட்ட தகப்பனுக்கு, "மாஃப் கியா" என்றான். சொல்லிவிட்டு, கட்டிப்பிடிப்பதற்காகக் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

கணவர் அவனை அணைத்துக்கொண்டு தேம்பினார். அவருக்கு மனம் லேசாகிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. அவர் தோளுக்கு மேல் என் பிள்ளையின் முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். எப்போது விடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தான்.